சங்குக்கும் பஸூனுக்கும் பஸ் ஹாரனுக்கும் ஒரு பாட்டு

வீரம்மாளுக்குச் சங்கீதம் ஒட்டாது. நாகஸ்வரத்துக்கும் கன்றுக்குட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துத்தான் அவளால் சொல்ல முடியும். அப்படிப்பட்டவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம், ஒரு சங்கும் ஒரு பஸூனும் ஒரு பஸ் ஹாரனும் சேர்ந்து வாசிக்கிற மாதிரி ஒரு பாட்டு உலகத்தில் எங்கேயாவது கிடக்கிறதா என்று பழனிக்கும் கொடைக்கானலுக்கும் அலைந்தாள். அலைய வைத்தவர்கள் அவளுடைய கூடப்பிறந்த மூன்று பேர்.

மேல்மலையில் தொட்டிப்பாறை என்ற ஊரில் அவளுக்குப் பூண்டு விவசாயம். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் கண்மணி. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் எதையாவது ஊத வேண்டும். ஊதி முடித்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் பெண்ணிடம், "மாமன் ஊதக் கேட்டியா?" என்று கேட்பார். பெண் முருகன்மேல் ஆணையாக "கேட்டேன்" என்று சொன்ன பிறகுதான் தாலியைத் தட்டிலிருந்து எடுப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாமன்கள் இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊத வேண்டும், பெண் ஒவ்வொருவரையும் கேட்டிருக்க வேண்டும். பொய் சொன்னவள் தோட்டத்தில் ஏழு வருஷம் பூண்டு பல் வைக்காது என்பது ஊர் நம்பிக்கை. ஒருத்தி சொல்லிப் பார்த்தாள், ஏழு வருஷமும் அவள் தோட்டத்தில் வெங்காயம்தான் வந்தது.

கண்மணிக்கு மாமன்கள் மூன்று பேர். மூத்தவர் தண்டாயுதபாணி. பழனியில் பெண் எடுத்து அடிவாரத்திலேயே தங்கிவிட்டவர். காவடிக் கூட்டங்களுக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போவது அவருக்குச் சோலி. அவர் ஒரு மூச்சு பிடித்தால் காவடி மூன்று தெரு தாண்டிவிடும்.

நடுவிலவர் கந்தவேல், கொடைக்கானலில் ஒரு துரையின் பங்களாவில் சமையல். நாற்பத்தேழில் அந்தத் துரை கப்பலேறியபோது, பெட்டியில் அடங்காத ஒரு சாமானைச் சமையற்கட்டில் விட்டுப் போனார். ஆள் உயரத்துக்கு மரக்குழாய், உடம்பெல்லாம் வெள்ளி மூடிகள். பஸூன் என்று அதற்குப் பேர். கந்தவேல் நான்கு வருஷம் அதை ஊதாங்குழலாக வைத்து அடுப்பு ஊதினார். ஒருநாள் அவசரத்தில் குழாயைத் திருப்பிப் பிடித்து ஊதியபோதுதான் அதற்குக் குரல் இருப்பது தெரிந்தது. சட்டியில் இருந்த கோழி எழுந்து உட்கார்ந்ததாகச் சொல்லுவார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கோழி அசைந்தது மட்டும் உண்மை.

கடைசித் தம்பி சேனாதிபதி, பண்ணைக்காடு பஸ்ஸின் டிரைவர். பழைய பஸ் ஒன்றை உடைத்தபோது அதன் பித்தளை ஹாரனைப் பூசணிக்காய் அளவு ரப்பர் பந்தோடு வாங்கி வைத்திருந்தான். பந்தை அமுக்குவது ஊதுவதாகுமா என்று மூத்தவர் ஊர்க்கூட்டத்தில் பிராது கொடுத்தார். காற்று நெஞ்சிலிருந்து வந்தாலும் ரப்பரிலிருந்து வந்தாலும் காற்றுதான் என்று தீர்ப்பாயிற்று.

சித்திரையில் பரிசம் போட ஆயக்குடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஞானவேல். அவனுடைய தகப்பனார் இராமலிங்கம், கொய்யாத் தோப்புக்காரர், எதையும் அமுக்கிப் பார்த்தே வாங்குகிறவர். ஊதுவது எப்படி இருக்கிறதென்று இப்போதே பார்த்துவிடலாம் என்றார். மூன்று மாமன்களும் ஊதினார்கள். "கேட்டியாம்மா?" என்றதற்குக் கண்மணி, "மூணாவது மாமாதான் கேட்டாரு. மத்த ரெண்டு பேரும் கன்னத்த உப்புறத மட்டும் பாத்தேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

மூத்தவர் அப்போதே சங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கினார். நடுவிலவர் கொடைக்கானலுக்கு நடந்தார். ஒருவர்பின் ஒருவராக ஊதலாமே என்று வீரம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். வழக்கம் அப்படி இல்லை. இருந்திருந்தாலும் யார் முதலில் என்பதில் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். மலைப்பாதையில் சேனாதிபதி இதுவரை எவனுக்கும் பின்னால் போனதில்லை.

இராமலிங்கம் கிளம்பும்போது நிதானமாகச் சொன்னார். "ஆவணி இருபத்தொண்ணு முகூர்த்தம். அதுக்குள்ள மூணு மாமனும் சேந்து ஒரு பாட்டா ஊதணும். பொண்ணு மூணையும் கேக்கணும். இல்லேன்னா பாச்சலூர்ல ஒரு பொண்ணு இருக்குங்க. அதுக்கு மாமனே கெடையாது."

கண்மணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஞானவேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பரிசத்தன்று ஹாரன் சத்தத்தில் கூட்டமே காதைப் பொத்தியபோது, அவன் மட்டும் தன் காதை விட்டுவிட்டுத் தன் தாயின் காதைப் பொத்தினானாம். மறுநாள் வெள்ளனே வீரம்மாள் பழனிக்கு இறங்கிவிட்டாள்.

பழனியில் நாகஸ்வர வித்வான் அழகுமலை பொறுமையான மனிதர். மூன்று கருவிகளையும் பற்றிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அவள் எழுந்திருக்கும்போது கண்ணைத் திறந்தார்.

"அம்மா, எழுபத்திரண்டு மேளகர்த்தாவுலயும் தேடிட்டேன். இதுக்கு எடமில்ல. தைப்பூசத்தன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னீங்கன்னா நீங்க சொல்ற மூணும் சேந்து கேக்கும். அதுக்குப் பேரு பாட்டு இல்லம்மா, நெரிசல்."

கொடைக்கானலில் சீசன் தொடங்கியிருந்தது. சமவெளியின் சூடு தாங்காமல் மிஷன்காரர்கள் மலையேறி வந்திருந்தார்கள். அவர்களில் பெர்த்தா அம்மாள் என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி. மூன்று நான்கு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஆளுக்கொரு கருவி வாசிக்கிற சங்கீதத்தில் அவளுக்குப் பைத்தியம். ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் யார் எதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் இரண்டு புல்லாங்குழலும், எருமை போல ஒரு டூபாவும் மட்டும் வந்து சேர்ந்தன. அந்த மூன்றுக்கும் ஒரு பாட்டை அலமாரியிலிருந்து தோண்டியெடுத்து, டூபா வாசித்த பாதிரியாரைத் தோட்டத்துக் கடைசியில் உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கச்சேரி நடத்தினாள். பொருந்தாத ஊதுகருவிகளுக்குப் பாட்டுத் தேட இவளைவிட்டால் ஆளில்லை என்று அழைத்துப் போனவர் கந்தவேல்தான்.

பெர்த்தா அம்மாள் தமிழை வேதப் புஸ்தகத்திலிருந்து கற்றவள். "ஸ்திரீயே, உன் சகோதரர் ஊதுகிற கருவிகளை எனக்கு விவரித்துச் சொல்வாயாக" என்றாள். வீரம்மாள் சொன்னாள். பஸூன் என்றதும் கிழவியின் முகம் மலர்ந்தது. சங்கு என்றதும் தலையைச் சாய்த்து யோசித்தாள். பஸ் ஹாரன் என்றதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பதினோரு நாள் அலமாரியைக் கவிழ்த்துத் தேடினாள். ஓபோ, கிளாரினெட், பஸூன் மூன்றுக்கும் பாட்டு அடுக்கடுக்காக இருந்தது. நான்கு பஸூனுக்குக்கூட ஒன்று இருந்தது. சங்குக்கு ஒன்றுமில்லை. ஹாரனுக்குத் துளியும் இல்லை. கடைசியில் கரையான் பாதி தின்ற கட்டு ஒன்றிலிருந்து ஒரு பாட்டு வந்தது. யாரோ ஒரு ஜெர்மன் கிராமத்து ரொட்டிக்காரன் எழுதியது. எந்தக் கருவி என்று அவன் போடவே இல்லை. "ஊதக்கூடிய மூவருக்கு" என்று மட்டும் மேலே எழுதியிருந்தது.

மூன்று பேரையும் மூன்று வழியாக வரவழைத்துப் பெர்த்தா அம்மாளின் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாயிற்று. கந்தவேல் அதைப் பார்த்து எறும்பு என்றார். சேனாதிபதி பண்ணைக்காட்டு ரோட்டில் இவ்வளவு வளைவு கிடையாது என்றான். மூத்தவர் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஊதினார்கள். பீங்கான் கோப்பையில் பதினொன்று போயிற்று. பெர்த்தா அம்மாள் நாற்காலியில் சாய்ந்து, இவர்களுக்குச் சுரக்குறி படிக்கக் கற்றுக்கொடுக்கத் தன் ஆயுசு போதாது என்று அழாத குறையாகச் சொன்னாள்.

வீரம்மாள் தரையில் கிடந்த காகிதத்தை எடுத்தாள். அவளுக்குக் கையெழுத்துக்கூட வராது. ஆனால் காகிதத்தைப் பார்த்தவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா," என்றாள், "இது பூண்டுப் பாத்தியில்ல?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஐந்து கோடு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்து படி நிலம். குறுக்கே அங்கங்கே ஒரு கோடு, அது வரப்பு. படிகளில் கறுப்புக் கறுப்பாகப் பல் ஊன்றியிருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முளை. சிலதில் இலை மடங்கியும் இருக்கிறது. உள்ளே வெள்ளையாக இருப்பது பொக்கு. சில முளை கீழ்நோக்கிப் போயிருக்கிறது, அது அவசரத்தில் தலைகீழாக நட்டது, வெள்ளைக்காரனுக்குப் பூண்டு நடத் தெரியாது. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் சுருண்டு படுத்திருப்பது நத்தை. அதற்குச் சுண்ணாம்புத் தூள் போட்டால் போதும்.

"எந்தம்பிமாருக்கு எழுத்து வராதுங்க," என்றாள் வீரம்மாள். "பாத்தி பாக்கத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். பொறந்ததே பாத்தியிலதான்."

வைகாசிக் கடைசியில் அந்தப் பாட்டைத் தோட்டத்தில் நட்டாள். ஐந்து படி நிலம், படிக்கு மூன்று வரிசை. சங்குக்கு முன்வரிசை, பஸூனுக்கு நடு, ஹாரனுக்குப் பின்வரிசை. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முந்நூற்று நாற்பத்திரண்டு பல்லையும் அதது இருக்கும் இடத்தில் ஊன்றினாள். ஒரு படியில் நாலு பல், அப்புறம் இரண்டு முழம் வெறும் மண், மேல்படியில் ஒற்றைப் பல். கூட நட்ட பாப்பம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. பூண்டை இப்படிக் கோழி கிளறின மாதிரி நட்டால் ஊர் சிரிக்கும் என்றாள். வீரம்மாள் தலைகீழாக இருந்த முளைகளை மட்டும் தன் பொறுப்பில் திருத்தி நட்டாள். நத்தையை விட்டுவிட்டாள்.

ஆடி பிறந்தபோது பாட்டு ஒரு சாண் வளர்ந்திருந்தது. எதிர்ச்சரிவுப் பாறையில் மூன்று பேரும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்தார்கள். மருமகளுக்காக வந்தார்களே தவிர ஒருவருக்கொருவர் பேச்சுக் கிடையாது. கீழே, கடைசிப் படியை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் வீரம்மாள் வெள்ளைத் துணி கட்டிய கம்போடு தெற்கும் வடக்குமாக நடப்பாள். கம்புக்கு நேரே பூண்டு இருந்தால் ஊத வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு வாங்கலாம். மேல்படியில் இருந்தால் எப்படி, கீழ்ப்படியில் இருந்தால் எப்படி என்று கேட்டார்கள். வீரம்மாளுக்கு அதில் சந்தேகமே எழவில்லை. மேல்படிக்கு ஏற மூச்சு அதிகம் வேணும், அதனால் பலமாக ஊது. கீழ்ப்படிக்கு ஏறவே வேண்டாம், அதனால் மெதுவாக ஊது. சங்கீதம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சங்குக்கும் ஹாரனுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு சுரம்தான் உண்டு, வேறெப்படி வாசிப்பது என்று அவர்களும் சொல்லப்போவதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், வாசித்தார்கள். பாதை இறக்கமான இடத்தில் வீரம்மாள் வெரசா நடந்தாள், பாட்டும் ஓடியது. குதிரையில் வந்து கேட்ட பெர்த்தா அம்மாள், அச்சிலேயே அந்த இடத்தில் வேகமாக என்றுதான் போட்டிருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலில் முள் தைத்தால் வீரம்மாள் நின்றாள், மூன்று பேரும் பிடித்த சுரத்தை அவள் முள்ளை எடுக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றி ஒருநாள் பஸூன் வரிசையில் பதினாறு செடியைத் தோண்டித் தின்றது. அன்றுமுதல் அந்த இடத்தில் கந்தவேலுக்கு ஓய்வு கிடைத்தது, அது பாட்டுக்கு நல்லது என்று பெர்த்தா அம்மாளே ஒப்புக்கொண்டாள். சோலையிலிருந்து காட்டுமாடுகள் இறங்கி வந்து வேலி ஓரமாக வரிசையில் நின்று கேட்டன. செடியில் வாய் வைக்கவில்லை. பஸூன் நின்ற இடங்களில் கிழட்டுக் கடா ஒன்று, அது விட்ட இடத்தைத் தன் குரலால் நிரப்பப் பார்த்தது. கல்லை விட்டெறிந்து துரத்தினார்கள்.

ஒரே ஒரு குறைதான். ரொட்டிக்காரன் மேல்படிக்காரனாக இருந்துவிட்டான். பாட்டில் முக்கால்வாசிப் பூண்டு மேலே இரண்டு படிகளில் கிடந்தது. மூன்று பேரும் கூடுகிற இடமெல்லாம் அங்கேதான். அங்கே வந்தால் மூன்று பேரும் உயிரைக் கொடுத்து ஊதினார்கள். கண்மணி ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டு ஒன்றையே சொன்னாள். "சின்ன மாமாதாம்மா கேக்குது."

வீரம்மாள் சேனாதிபதியைத் தனியே கூப்பிட்டாள். "ஏலே சேனா, கொஞ்சம் கொறச்சு அமுக்குலே. எம்மக வாழணும்."

"பூண்டு மேல கெடக்குதேக்கா. நீதான நட்ட? நான் ஏமாத்தி அமுக்குனா மத்த ரெண்டு பேரும் என்னை என்னன்னு நெனப்பாக?"

மூத்தவரிடம் போனாள். தம்பி குறைத்தால் தானும் குறைப்பதாகவும், முதலில் குறைப்பது தம்பியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கந்தவேல், அண்ணன் குறைத்ததைக் காதால் கேட்ட பிறகே யோசிப்பேன் என்றார். அண்ணன் ஊதுவதே அவருக்குக் கேட்டதில்லை என்பதுதான் சிக்கல். செடியைப் பிடுங்கிக் கீழே நடலாம் என்றால், இரண்டரை மாசப் பூண்டைப் பிடுங்கினால் பிழைக்காது. முகூர்த்தத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஐந்து நாளும் வீரம்மாள் நடந்து பார்த்தாள். கண்மணி தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டாள்.

ஆவணி இருபத்தொன்று. தோட்டத்துக்கு எதிரே பாறைமேலேயே பந்தல் போட்டாயிற்று, பாட்டு அங்கேதானே கிடக்கிறது. ஆயக்குடிக்காரர்கள் கூடை கூடையாகக் கொய்யாவோடு ஏறி வந்தார்கள். இராமலிங்கம் பந்தல் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பாச்சலூரிலிருந்து ஒரு குடும்பம், சும்மா கல்யாணம் பார்க்க என்று, வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. அவர்களோடு நன்றாக உடுத்தி ஒரு பெண்ணும் இருந்தது.

கண்மணி மணையில் உட்கார்ந்தாள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது தாய்க்குத் தெரியும். இந்தத் தடவையாவது சொல்லிவிடேன் என்று கேட்க வாயெடுத்தவள், ஏழு வருஷ வெங்காயத்தை நினைத்து மூடிக்கொண்டாள். கம்பை எடுத்துக்கொண்டு பாதைக்கு இறங்கினாள்.

அப்போது மேலே சோலைப் பக்கமிருந்து மஞ்சு இறங்கியது. முதலில் மேல்படி போயிற்று. அப்புறம் நான்காம் படி, மூன்றாம் படி. வெள்ளைக் கம்பளியை இழுத்துப் போர்த்திய மாதிரி தோட்டம் முழுக்க மறைந்து, அடியில் கடைசிப் படி மட்டும் மூன்று வரிசையோடும் பச்சையாகத் தெரிந்தது. அதோரம் வீரம்மாளின் தலையும் கம்பும் தெரிந்தன. பாட்டில் முக்கால்வாசி ஆகாயத்துக்குப் போய்விட்டது. பெர்த்தா அம்மாள் கையைக் கோத்துக்கொண்டு ஜெபம் செய்தாள். ஐயர் நேரமாகிறது என்றார். வீரம்மாள் வேறு வழியில்லாமல் நடந்தாள்.

கடைசிப் படியில் பூண்டு கொஞ்சம்தான். தெரிகிறதைத்தானே ஊத முடியும். கம்பு முதல் செடிக்கு நேரே வந்தபோது மூத்தவர் சங்கைக் கீழ்ப்படி அளவுக்கு மெல்ல எடுத்தார். இரண்டு செடி தள்ளி பஸூன் கீழே முனகிக்கொண்டு சேர்ந்தது. அப்புறம் மூன்று வரிசையிலும் ஒரே நேரில் செடி வந்தது. சேனாதிபதி ரப்பர் பந்தைக் கைக்குழந்தையின் கன்னத்தை அமுக்குவது போல அமுக்கினான். பஸ் ஹாரன் அந்த மாதிரி ஒரு சத்தம் போடும் என்று அதுவரை அதற்கே தெரியாது. புறா ஒன்று தூக்கத்தில் பேசினதுபோல இருந்தது. மூத்தவர் திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் காதில் அடுத்தவன் ஊதுவது விழுந்தது. தம்பி என்ன ஊதுகிறான் என்று கேட்பதற்காகத் தன் மூச்சை இன்னும் கொஞ்சம் இறக்கினார். நடுவிலவர் அண்ணனைக் கேட்க இறக்கினார். சேனாதிபதி விரலை எண்ணி எண்ணி அமுக்கினான்.

பந்தலில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. இராமலிங்கம் கையில் அமுக்கிக்கொண்டிருந்த கொய்யாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமன் ஊதக் கேட்டியா தாயி?"

"பெரிய மாமாவக் கேட்டேன்," என்றாள் கண்மணி. "நடு மாமாவக் கேட்டேன். சின்ன மாமாவயும் கேட்டேன். முருகன் மேல ஆணை."

"நானும் கேட்டேன்," என்றார் இராமலிங்கம். பாச்சலூர்க்காரர்கள் தங்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் சொக்கிப்போய், நல்லாயிருக்கு, தாலி ஏறி முடியும்வரை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவும் போட்டுவிட்டார். வழக்கத்தில், தாலி ஏறும்போது மாமன் ஊதிக்கொண்டிருந்தால் கடைசி முடிச்சுவரை அவன் ஊதியது கேட்டாக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீரம்மாள் பாதையின் கோடிக்குப் போய்த் திரும்பினாள். திரும்பியவள் மேலே பார்த்தாள். மஞ்சு கிளம்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் படி வெளியே வந்துவிட்டது, சங்கு ஒரு பிடி உயர்ந்தது. மூன்றாம் படியின் விளிம்பு தெரிந்தது. சேனாதிபதியின் விரல்கள் தாமாகவே பந்துக்குள் இறங்கின.

"கட்டுங்க," என்று கீழேயிருந்து கத்தினாள் வீரம்மாள். "ஏலே மாப்ள, பாத்துக்கிட்டு இருக்காத, வெரசா கட்டுலே."

பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையை ஏலே போட்டது அந்த மலையில் அதுதான் முதல் தடவை. ஞானவேல் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முடிச்சுப் போட்டான், மூன்றாம் படி முழுசாக வந்தது. இரண்டாவது முடிச்சுக்கு நான்காம் படி. கண்மணி கண்ணை இறுக மூடி மூன்று மாமன்களையும் காதுக்குள் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பஸூன் நழுவப் பார்த்தது, எட்டிப் பிடித்தாள். கடைசி முடிச்சை அவன் இழுத்து இறுக்கியதும், மேல்படியில் வெயில் விழுந்தது. அங்கே இருந்த நூற்றுச் சொச்சம் பூண்டும் மூன்று மாமன்களின் கண்ணில் ஒரே நேரத்தில் பட்டன.

பந்தல் ஓலையில் பாதி பறந்தது. ஐயர் சொன்ன மந்திரம் ஐயருக்கே கேட்கவில்லை. அட்சதை தலையில் விழாமல் காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது. ஞானவேல் கண்மணியின் காதருகே குனிந்து ஏதோ கேட்டான். வாய் அசைந்தது, ஒரு எழுத்துக்கூட விழவில்லை. என்ன கேட்டாலும் இன்றைக்குச் சரியென்று சொல்லலாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

அவன் கேட்டது, உங்கள் மாமன்களை மாதம் ஒருமுறை ஆயக்குடிக்குக் கூப்பிடலாமா என்று.